வங்கி ஏலத்தில் வீடு ஏன் மலிவு, அந்த மலிவு யாருக்கு?

நீங்கள் கேட்டது இவ்வளவுதான்: கையில் 15 லட்சம் இருக்கிறது, நாளிதழில் வந்த வங்கி ஏல அறிவிப்பில் ஒரு ஃப்ளாட்டின் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டோம் என்று வங்கி வைக்கும் விலை, 36 லட்சம், அக்கம்பக்கத்தில் அதே அளவு ஃப்ளாட் 48 லட்சத்துக்குப் போகிறது, முதல் முதலீடாக இதை எடுக்கலாமா, எங்கிருந்து தொடங்குவது? உங்கள் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 12 லட்சத்தை வங்கி ஏன் விட்டுக்கொடுக்கிறது? முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அது தெளிவானால் எடுக்கலாமா வேண்டாமா என்பது கணக்காகிவிடும்.

வங்கி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சாதாரணக் கிரயத்தில் விற்பவர் வீட்டைக் காலிசெய்து சாவியைத் தருவார், வில்லங்கத்தைத் தீர்ப்பார், பாக்கிகளைக் கட்டுவார், கையெழுத்துப் போட வேண்டியவர்களை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வருவார். ஏலத்தில் இவற்றை யாரும் செய்து தர மாட்டார்கள். அறிவிப்பின் அடியில் சின்ன எழுத்தில் 'உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்தில் இருக்கும் நிலையில்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அர்த்தம் இதுதான். விலையில் குறைகிற தொகை அந்த வேலைகளுக்கு உங்களுக்குத் தரப்படும் கூலி. கூலி பெரியது, வேலை சிறியது என்றால் லாபம். வேலை எவ்வளவு என்பதை ஏலத்துக்கு முன்பே மதிப்பிட வேண்டும், பின்னால் தெரிந்து பயனில்லை.

அறிவிப்பை எடுத்ததும் முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் விற்கிறார்கள் என்று பாருங்கள். வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ நீதிமன்றத்துக்குப் போகாமல் தானே விற்பது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி. கடன் வசூல் தீர்ப்பாயத்தின், அதாவது டிஆர்டியின், மீட்பு அலுவலர் விற்பது வேறு. சிவில் நீதிமன்றம் தன் தீர்ப்பாணையை (டிகிரியை) நிறைவேற்ற விற்பது வேறு. திவாலான கம்பெனியின் சொத்தை லிக்விடேட்டர் விற்பது இன்னொன்று. பணம் கட்டும் கெடுவும், கடன்காரருக்கு, அதாவது கடன் வாங்கியவருக்கு, மிச்சமிருக்கும் உரிமையும் ஒவ்வொன்றிலும் மாறும். உதாரணமாக, சிவில் நீதிமன்ற ஏலம் முடிந்து 60 நாளுக்குள் கடன்காரர் பாக்கியைக் கட்டி, ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5% சேர்த்துக் கட்டினால் ஏலமே ரத்தாகிவிடும். நாளிதழில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் சர்ஃபேசி ஏலங்கள்தான். அதனால் இனி நான் சொல்வதெல்லாம் அதற்கு.

கடன் வாராக்கடனானதும் வங்கி 13(2) பிரிவின் கீழ் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கடன்காரர் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகு 13(4) பிரிவின்படி சுவாதீனம் எடுத்து, அந்த அறிவிப்பை 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். பிறகு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு வாங்கி, ரிசர்வ் விலை வைத்து, 30 நாள் விற்பனை நோட்டீஸ் தர வேண்டும். முதல் ஏலம் படியாமல் மறு ஏலம் விட்டால் 15 நாள் போதும். இது வங்கியின் தலைவலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடன்காரர் 17-ஆவது பிரிவின் கீழ் 45 நாளுக்குள் டிஆர்டிக்குப் போகலாம். விற்பனையை எதிர்த்தும் போகலாம். அங்கே அவர் வக்கீல் பிடித்துக்கொள்வது இந்தத் தேதிகளைத்தான். நோட்டீஸ் தேதி, சுவாதீனத் தேதி, விளம்பரத் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் குறைந்தாலும் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள். வேறு ஏலம் வரும். சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்குப் பொருந்தாது என்று 31(i) பிரிவு சொல்கிறது. அதனால் ஊருக்கு வெளியே 'மனை' என்று விளம்பரமாகும் நிலம் அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கில்) நஞ்சையாகவோ புஞ்சையாகவோ இருந்து அங்கே சாகுபடியும் நடந்துகொண்டிருந்தால், முதல்முறை வாங்குபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏலம் எடுத்த பிறகு கடன்காரர் பணத்தைக் கட்டி மீட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எல்லாருமே கேட்பார்கள். இதற்கு இன்று தெளிவான பதில் உண்டு. 2016-இல் 13(8) பிரிவு திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியானதுமே மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023 செப்டம்பரில் செலிர் எதிர் பஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாக வந்து பணத்தைக் கட்டி ஏலத்தைத் தடுக்கும் வாய்ப்பு அத்தோடு போனது. ஆனால் நடைமுறைப் பிழையைக் காட்டி விற்பனையையே ரத்துசெய்யக் கேட்கும் உரிமை போகவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'இனி ஏலச் சொத்தில் பிரச்சினையே இல்லை' என்று பேசுகிற வீடியோக்களை நம்பாதீர்கள்.

இனி சுவாதீனம். ஏலச் சொத்தில் விலையை முடிவுசெய்யும் ஒரே வரி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அறிவிப்பில் ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே 'சிம்பாலிக்' அல்லது 'பிசிக்கல்' என்று போட்டிருப்பார்கள். சிம்பாலிக் என்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. உள்ளே கடன்காரர் குடும்பத்தோடு இருக்கிறார். பிசிக்கல் என்றால் பூட்டு வங்கியுடையது. சிம்பாலிக் சொத்தில் ஆளை வெளியேற்ற, வங்கி 14-ஆவது பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுப் போட வேண்டும். 30 நாளில், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாளுக்குள், உத்தரவு வர வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு கட்டாயமல்ல, தாண்டினாலும் அதிகாரம் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. ஆகவே உத்தரவுக்குச் சில மாதம், உத்தரவு வந்தபின் வட்டாட்சியரும் காவல்துறையும் சேர்ந்து வர ஒரு தேதி கிடைக்கச் சில மாதம், நடுவில் கடன்காரர் டிஆர்டியில் தடை வாங்கினால் கணக்கே வைக்க முடியாது. விற்ற பிறகும் வங்கி 14-ஆவது பிரிவின் கீழ் மனுப் போடலாம், அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் முழுப் பணமும் வந்து சேர்ந்த கிளைக்கு அதில் அவசரமும் இல்லை. சிம்பாலிக் சொத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால், நேரடி சுவாதீனத்தை யார், யார் செலவில் எடுத்துத் தருவது என்பதை மீதிப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு இது முதல் ஏலம் என்பதால் என் கருத்து இதுதான்: பிசிக்கல் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அதிலும் உள்ளே கடன்காரரின் சாமான்கள் இருக்கின்றனவா, பட்டியல் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பூட்டு வங்கியுடையதாக இருந்து கட்டிலும் பீரோவும் கடன்காரருடையதாக இருந்தால், அதை அகற்றுவதற்கே ஒரு சுற்று நோட்டீஸ் ஆகும்.

உள்ளே இருப்பவர் வாடகைக்காரர் என்றால் கணக்கு வேறு. அடமானத்துக்கு முன்பே பதிவுசெய்த குத்தகை இருந்தால் அதன் காலம் முடியும்வரை அவரை அசைக்க முடியாது. பதிவில்லாத, வாய்மொழி ஒப்பந்தக்காரருக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் சம்மதம் இல்லாமல் போட்ட வாடகை ஒப்பந்தமும் செல்லாது. ஆனாலும் வாடகைக்காரரும் டிஆர்டிக்குப் போகலாம் என்பதால், செல்லாத ஒப்பந்தத்தை வைத்தும் அவரால் காலத்தை இழுக்க முடியும். பார்வையிடும் தேதி என்று அறிவிப்பில் ஒரு நாள் இருக்கும். அன்று வங்கி அலுவலரோடு போவதோடு நில்லாமல், இன்னொரு நாள் மாலையில் தனியாகப் போய் காவலாளியிடமும் பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள். மின் இணைப்பு எண்ணை வைத்துக் கடைசி பில் எவ்வளவு என்று பாருங்கள். 'காலி வீடு' என்று சொல்லப்படும் ஃப்ளாட்டில் மாதாமாதம் மின்சாரம் ஓடுகிறது என்றால் அது காலி இல்லை.

பத்திரத்துக்கு வருவோம். 'வங்கியே கடன் கொடுத்திருக்கிறதே, லீகல் பார்த்திருக்க மாட்டார்களா?' என்று நினைப்பது இயல்பு. பார்த்திருப்பார்கள், கடன் கொடுத்த நாளில். அதற்குப் பிறகு பத்து வருடம் ஓடியிருக்கலாம். போலிப் பத்திரத்துக்குக் கடன் கொடுத்து ஏமாந்த வங்கிகளும் உண்டு. தாய்ப்பத்திரத்திலிருந்து கடைசிக் கிரயம் வரை நகல்களை வங்கியில் கேளுங்கள்; தர மறுத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுங்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்று போட்டு, இந்த வங்கியின் உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவைத் தவிர வேறு அடமானம், கோர்ட் ஜப்தி, வருமான வரி அல்லது ஜிஎஸ்டி முடக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் வேறு வங்கிக்கும் இதே சொத்தை ஈடு காட்டியிருக்கிறார்களா என்று தெரியும். செர்சாயில் பதிவான வங்கிக்கு அரசு பாக்கிகளைவிட முன்னுரிமை என்று சர்ஃபேசி சட்டத்தின் 26இ (26E) பிரிவு சொல்கிறது. அது 2020 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. சட்டம் அப்படியிருந்தாலும், வில்லங்கத்தில் முடக்கம் ஏறியிருந்தால் பதிவு அலுவலகம் அதை நீக்கி வரச் சொல்லிக் கோப்பை நிறுத்தி வைப்பதுண்டு; உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். ஜெயிக்கக்கூடிய வழக்குதான், ஆனால் செலவும் காலமும் உங்களுடையவை.

வில்லங்கச் சான்று காட்டாத சங்கதிகள்தான் அதிக ஆபத்து. நிலுவையிலுள்ள பாகப்பிரிவினை வழக்கு அதில் தெரியாது. பதிவாகாத உயிலும், விடுபட்ட வாரிசும் தெரியமாட்டார்கள். சர்ஃபேசி நடவடிக்கையை சிவில் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் 'இந்தச் சொத்தில் எனக்கும் பங்கு உண்டு, அடமானம் வைத்தவருக்கு முழு உரிமையே இல்லை' என்று சொல்லும் மூன்றாம் நபரை அது தடுக்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே ஈ-கோர்ட்ஸ் தளத்திலும் டிஆர்டி தளத்திலும் கடன்காரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பத்திரத்திலுள்ள உரிமையாளர் பெயர் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். கம்பெனிக் கடனில் சொத்து பெரும்பாலும் ஜாமீன் போட்ட மாமனார், மைத்துனர் யாருடையதாவது இருக்கும். கடன்காரர் பெயரை மட்டும் தேடினால் எதுவும் சிக்காது. சென்னையில் மூன்று டிஆர்டிக்கள், கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று என்பதால் எந்த அமர்வு என்பதையும் சரிபாருங்கள்.

பொருத்தம் பார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் விடாதீர்கள். அறிவிப்பிலுள்ள சர்வே எண், நான்கெல்லை, கதவு எண், பிரிக்கப்படாத பாக மனையின் சதுர அடி ஆகியவை பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒத்துப்போக வேண்டும். ஃப்ளாட்டில் இரண்டாம் தளம் 'சி' என்று பத்திரம் சொல்ல, கதவில் 'டி' என்று எழுதியிருப்பது அபூர்வமல்ல. தனி மனையென்றால் நகரமைப்பு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 என்பது முக்கியமான தேதி. அதற்கு முன் விற்கப்பட்ட மனையா என்பதைப் பொறுத்தே வழி இருக்கும்.

பாக்கிகளில் எல்லாரும் மறப்பது மின்கட்டணம். பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டாமல் புது இணைப்பு தர மறுக்கலாமா என்பது நெடுங்காலம் சண்டையாக இருந்தது. விதிமுறைகளில் அப்படி இடமிருந்தால் மறுக்கலாம் என்று 2023 மே மாதம் கே.சி. நினன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 'உள்ளது உள்ளபடி' எடுத்த ஏலக்காரருக்கும் அது பொருந்தும். வீட்டுக்கு இது சில ஆயிரம். தொழிற்கூடத்துக்கு அதுவே பல லட்சம். அதோடு சொத்துவரி, குடிநீர் வரி, அடுக்ககச் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி. ஐந்தாறு வருடம் கடன் கட்டாதவர் பராமரிப்பு மட்டும் கட்டியிருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை வங்கி அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்பது விதி. 'தெரிந்த வில்லங்கம் இல்லை' என்ற வாக்கியத்துக்கு 'நாங்கள் தேடவில்லை' என்றும் அர்த்தம் உண்டு.

ஏலம் இப்போது பெரும்பாலும் இணையத்தில். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் 2025 ஜனவரியிலிருந்து பேங்க்நெட் தளத்தில் வருகின்றன. தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வேறு ஏலத் தளங்களையும் பயன்படுத்துகின்றன. பான், முகவரிச் சான்று கொடுத்துப் பதிவுசெய்வதற்கே ஓரிரு நாள் ஆகலாம், கடைசி நாளில் முயலாதீர்கள். ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை வழக்கமாக ரிசர்வ் விலையில் 10%. ஏலம் கிடைக்காவிட்டால் வட்டியில்லாமல் திரும்பும். பல அறிவிப்புகளில் முதலில் கேட்கும் விலையே ரிசர்வ் விலைக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். முடியும் நேரத்துக்குச் சில நிமிடம் முன் யாராவது விலை கேட்டால் ஏலம் தானாக நீளும், கடைசி விநாடித் தந்திரம் இங்கே பலிக்காது. உச்ச விலையை முந்தைய நாளே தாளில் எழுதி வைத்து, அதைத் தொட்டதும் திரையை மூடுங்கள். எதிரே போட்டியிடுபவர் அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். சுவரை இடித்துச் சேர்த்துக்கொள்ள அவர் தரத் தயாரான விலை உங்களுக்கு லாபமில்லாத விலை.

பணத்தின் கெடு கண்டிப்பானது. உங்கள் ஃப்ளாட்டையே எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் 36 லட்சம், முன்வைப்பு 3.6 லட்சம். 40 லட்சத்துக்கு விழுந்தது என்றால் 25%, அதாவது 10 லட்சம், அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் கட்டி முடித்திருக்க வேண்டும். முன்வைப்பைக் கழித்து 6.4 லட்சம். மீதி 30 லட்சம் விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கியும் நீங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டலாம், எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. நீட்டிப்புக் கடிதத்தை 15 நாள் முடிவதற்கு முன் கொடுங்கள். மேலாளரின் வாய்வார்த்தை போதாது. கட்டத் தவறினால் சர்ஃபேசி விதிகளின் 9(5) விதிப்படி கட்டியதெல்லாம் பறிமுதல், சொத்து மறுபடி ஏலத்துக்குப் போகும். முழு 25 சதவீதத்தையும் எடுத்துக்கொள்வது அநியாயமில்லையா, வங்கிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்ற வாதம் தமிழ்நாட்டிலிருந்து போன சண்முகவேலு வழக்கில் எழுந்தது. 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் மூன்று கோடிக்கு மேல் கட்டியிருந்தார். சென்னை உயர் நீதிமன்றம் பறிமுதலைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, முழுத் தொகையும் பறிமுதல் என்றது. மிக அசாதாரண சூழ்நிலைக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 'லோன் வரத் தாமதமாகிவிட்டது' என்பதை அப்படி ஒரு சூழ்நிலையாக எண்ணாதீர்கள்.

உங்கள் நிலையில் இதுதான் முக்கியம். 15 லட்சத்தில் 10 லட்சம் உடனே போய்விடும். பத்திரச் செலவு ஒதுக்கினால் கையில் ஒன்றரை லட்சம்கூட நிற்காது. 30 லட்சம் முழுக்க முழுக்கக் கடன். கடன் தரும் வங்கி தன் மதிப்பீட்டையும் ஏல விலையையும் ஒப்பிட்டு எது குறைவோ அதன் மேல்தான் கடன் கணக்கிடும். ஆகவே ஏலத்துக்கு முன்பே சம்பளச் சான்றுகளைக் கொடுத்துத் தனிநபர் தகுதிக்கான ஒப்புதலை வாங்கி வையுங்கள். ஏலம் விடும் வங்கியிடமே கடன் கேட்பது பெரும்பாலும் வேகமான வழி, பத்திரம் அவர்கள் பெட்டகத்தில்தானே இருக்கிறது. அந்தக் கிளையிலும் 'சொத்து சரியாக இருந்தால் தருவோம்' என்பதற்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லையென்றால் ஏலத்தில் உட்கார வேண்டாம்.

வரியில் மூன்று சங்கதி. ஏல விலை 50 லட்சத்தை எட்டினால் 1% டிடிஎஸ், அதாவது விலையைக் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வழக்கமாக அது பழைய உரிமையாளரின் பான் எண்ணில் போகும். அந்த பான் செயலிழந்திருந்தால் விகிதம் 20% ஆகிவிடும், முன்கூட்டியே வங்கியிடம் எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். இரண்டாவது, வழிகாட்டி மதிப்பைவிட மிகக் குறைவாக எடுத்துவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். முத்திரைத் தீர்வைக்கான மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் 50 ஆயிரம், விலையில் 10% ஆகிய இரண்டில் பெரியதைத் தாண்டினால், அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். பகிரங்க ஏலத்துக்கு இது பொருந்தக்கூடாது என்ற வாதம் பலமானதுதான், ஆனால் அது வாதம். நோட்டீஸ் வந்தால் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பத்திரச் செலவு. முழுப் பணமும் கட்டியதும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலர் விற்பனைச் சான்றிதழ் தருவார். அதுவே உங்கள் உரிமை ஆவணம். அதன் நகலைச் சார்பதிவாளர் பெற்று முதல் புத்தகத்தில் (சொத்து ஆவணங்களுக்கான பதிவேட்டில்) கோர்த்தால் போதும், கட்டாயப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பட்டா மாற்றவும் கடன் வாங்கவும் மறுவிற்பனை செய்யவும் முத்திரைத் தீர்வை கட்டிப் பதிந்த ஆவணத்தைத்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அந்த 9% தொகையைக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். சான்றிதழோடு அசல் பத்திரங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள்; தாய்ப்பத்திரத்தின் அசல் வங்கியிலேயே தொலைந்திருப்பது நடக்கிற காரியம்.

இப்போது உச்ச விலையைப் போட்டுப் பார்ப்போம். 48 லட்சத்துக்கு மறுபடி விற்பதுதான் நோக்கம், கடனுக்கு வட்டி 9% என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் சுமார் 3.4 லட்சம், பாக்கிகள் 1 லட்சம், பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பழுதுவேலை 2 லட்சம். சிம்பாலிக் சொத்தாக இருந்து ஒரு வருடம் இழுத்தால் 30 லட்சத்துக்கு வட்டி 2.7 லட்சம், வக்கீலுக்கு 1 லட்சம். எல்லாம் கழித்தால் 37.9 லட்சம். அந்த விலைக்கு எடுத்தாலே லாபம் பூஜ்யம். உங்கள் சொந்தப் பணத்துக்கு வட்டிகூட இதில் சேர்க்கவில்லை. அதே ஃப்ளாட் பிசிக்கலாக இருந்து நான்கு மாதத்தில் விற்க முடிந்தால் வட்டி சுமார் 0.9 லட்சம், வக்கீல் செலவு சொற்பம். எல்லை கிட்டத்தட்ட 40.7 லட்சம். ரிசர்வ் விலையான 36 லட்சத்துக்கே கிடைத்தால்கூட, நீங்கள் பார்த்த 12 லட்சத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட 4.7 லட்சம்தான். லாபம் வேண்டுமென்றால் இந்த எல்லைக்குக் கீழே எவ்வளவு விழுகிறதோ அதுதான் லாபம். குடியிருக்க வாங்குபவருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்காது. சந்தையில் வாங்கினாலும் பத்திரச் செலவு உண்டே.

விற்பனை பின்னால் ரத்தானால் கட்டிய பணம் திரும்பி வரும் என்பது பெரும்பாலும் உறுதி. எப்போது, என்ன வட்டியோடு என்பது தீர்ப்பாயத்தின் உத்தரவைப் பொறுத்தது. எந்த விகிதத்தையும் நம்பிக் கணக்குப் போட முடியாது. அந்த ஃப்ளாட்டின் பத்திரங்களைப் படிக்காமல் 'எடுங்கள்' என்றோ 'விடுங்கள்' என்றோ யாரும் இங்கே சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. உள்ளூர் சிவில் வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். கடன் வசூல் வழக்கு நடத்துபவராக இருந்தால் நல்லது. அதற்கு ஆகும் சில ஆயிரத்தை ஏலம் கிடைக்காத சொத்துகளுக்கும் செலவிட வேண்டியிருக்கும், அதையும் முதலீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் சுவாதீனம் பற்றிய வரி, 13(2) நோட்டீஸ் தேதி, இது முதல் ஏலமா மறு ஏலமா என்ற மூன்றையும் பார்த்து எழுதுங்கள். மூன்றாவது முறையாக ஏலத்துக்கு வந்து விலை இறங்கியிருக்கிறது என்றால், முதல் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன தெரிந்தது என்பதிலிருந்துதான் விசாரணையைத் தொடங்க வேண்டும்.